மீனின் பிறவிக் காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதற்கு வல்லார் பலர் உளர்; இசைக்கும் நாடகத்திற்கும் குறைவில்லை. அறிவியல் பற்றியும் சிறிது பேசுக என்று செயலாளர் எமக்குப் பணித்தார். என்ன பொருளை எடுத்துக்கொள்வது என்று நெடிது எண்ணினோம். பிறந்த மண்ணுக்கும் வாழும் மண்ணுக்கும் பொதுவான ஒன்றாக அஃது இருத்தல் நன்று என்று தோன்றியது. மீன் அகப்பட்டது! பாண்டியர் தம் கொடியில் மீனைப் பொறித்தனர். நாம் வந்து வாழும் இவ்வங்க நாட்டிலோ, திருமணச் சீர்வரிசையில் ரோகு மீனை மணமகள்போல் ஒப்பனை செய்து அனுப்புகின்றனர். நம் குடியிருப்பில் மீன் உண்பாரும் உண்டு. மீன்கடையைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவாரும் உண்டு. இரு சாராரும் அச்சமின்றிக் கேட்கலாம். யாம் பேசப்போவது நாம் மீனை உண்பது பற்றியன்று. மீனை உண்ண வரும் நுண்ணுயிர்களை மீன் எவ்வாறு அடையாளம் கண்டுகொள்கிறது என்பது பற்றியே.

முதற்கண் மீன் வாழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தெளிந்த குளத்து நீரில் ஏறத்தாழ இருபது துளி எடுத்தால், அதாவது ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதனுள் பொதுவாகப் பத்து இலட்சம் அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரசுகள் அதனினும் பன்மடங்கு. இந்த நீரே மீனுக்கு வீடு, மூச்சும் இதனிடத்தேதான். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்நீர் செவுள்களைத் தழுவிச் செல்கிறது. செவுளின் தோலோ மிக மெல்லியது. ஒரு கணமும் மூட முடியாத வாயிலோடு, கூட்டம் நிறைந்த சந்தையின் நடுவே குடியிருப்பவன் நிலைதான் மீனின் நிலை.

மீன்குஞ்சின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ரோகு மீன் மழைக்காலத்து வெள்ளத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். குஞ்சுக்குத் தாய்ப்பால் இல்லை. தாயின் அணைப்பும் இல்லை. முட்டைக்குள் தாய் வைத்தனுப்பும் சில காப்புப் பொருள்களே அதற்குக் கட்டுச்சோறு. அதுவும் சில நாள்களில் தீர்ந்துவிடும். பின்னர் அக்குஞ்சு தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். எதைக் கொண்டு காத்துக்கொள்கிறது?

உயிர்களின் உடலில் இருவகைக் காவல் உண்டு என்பர் அறிஞர். ஒன்று, கற்றுப் பெறும் காவல். ஒரு கிருமியை ஒருமுறை எதிர்த்து, அதன் உருவத்தை மனத்திற் பதித்து, அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்து வைத்திருப்பது. நாம் ஊசி போட்டுக்கொள்வது இக்காவலைப் பயிற்றுவதற்கே. மற்றொன்று, பிறவிக் காவல். இது யாரிடமும் கற்றதன்று. பிறக்கும்போதே உடன் வருவது. மீனுக்கும் இரண்டும் உண்டு. ஆயின், கற்கும் காவல் முதிர்வதற்குக் காலம் வேண்டும். வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனில் அது செயற்படத் தொடங்குவதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. அதன் பின்னும், மீன் குளிர்ந்த குருதியுடையது ஆதலின், நீர் குளிர்ந்தால் எதிர்ப்பொருள் பிறப்பதற்குப் பல வாரம் செல்லும். பாக்டீரியாவோ அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கவல்லது. வாரக்கணக்கில் காத்திருந்தால் காப்பதற்கு மீன் இராது. ஆகவே மீனின் வாழ்வு பெரிதும் பிறவிக் காவலையே நம்பி நிற்கிறது.

அக்காவலின் முதல் மதில் மீனின் மேலுள்ள வழுவழுப்பு. விரால் மீனைக் கையால் பிடித்துத் தோற்றவர் அதன் அருமையை அறிவர். அக்கோழையில் லைசோசைம் என்னும் நொதி இருக்கிறது. அது பாக்டீரியாவின் சுவரை அரிக்கும். பாக்டீரியாவைத் துளைக்கும் சிறு புரதத் துணுக்குகளும் உள்ளன. குருதியிலோ, பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்பை அதற்குக் கிட்டாதவாறு பற்றிக்கொள்ளும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதமும் உண்டு. எதிரிக்கு உணவைக் கிட்டாமற் செய்து முற்றுகையிடும் போர்முறை போன்றது இது.

மதிலைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே வந்துவிட்டது என்று கொள்வோம். இங்கேதான் நம் வினா எழுகிறது. காவலாளி அதனைப் பகைவன் என்று எவ்வாறு அறிகிறான்? இதற்கு முன் அவன் அதனைக் கண்டதில்லை. உலகில் உள்ள கிருமிகளோ எண்ணிலடங்கா. ஒவ்வொன்றின் பெயரையும் உருவையும் எழுதிவைக்க எந்த ஏட்டிலும் இடமில்லை.

பழங்காலத்து ஊர்க்காவலன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் உள்ள கள்வர் அனைவரையும் அவன் முகமறிந்தவன் அல்லன். ஆயினும் நள்ளிரவில் ஒருவன் இடுப்பில் கன்னக்கோல் இருப்பதைக் கண்டால் போதும், அவனைப் பற்றிவிடுவான். ஏனெனில் கன்னக்கோல் இன்றிச் சுவரில் கன்னமிட இயலாது. குடித்தனக்காரர் எவரும் கன்னக்கோல் வைத்துக்கொள்வதும் இல்லை. ஆள் யார் என்பது வேண்டுவதில்லை. தொழிற்கருவி ஒன்றே போதும்.

மீனின் காவலணுக்கள் தேடுவதும் இத்தகைய கருவிகளையே. பல பாக்டீரியாக்கள் கசையிழை என்னும் வால் கொண்டு நீந்துகின்றன. அவ்வால் ஃபிளாஜெல்லின் என்னும் புரதத்தால் ஆனது. பூஞ்சைகளின் சுவரில் பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலி உண்டு. பல வைரசுகள் பெருகும்போது இரட்டைச் சரமான நீண்ட ஆர்.என்.ஏ. தோன்றும். இவை அவ்வவ்வுயிர்க்கு இன்றியமையாதவை. எளிதில் உதறிவிட இயலாதவை. மீனின் சொந்த உயிரணுக்களிலோ இவை இவ்வடிவில் காணப்படுவதில்லை. ஆகவே இவற்றைக் கண்ட அளவில், ‘வந்தவன் அயலான்’ என்று முடிவு செய்யலாம்.

இக்கருத்தைத் தெளிவாக முதலில் எடுத்துரைத்தவர் சார்லஸ் ஜேன்வே என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டு 1989. தூய புரதத்தை மட்டும் ஓர் உயிரின் உடலிற் செலுத்தினால் தடுப்பாற்றல் பெரும்பாலும் விழிப்பதில்லை. கிருமியின் சிதைவுகளைச் சிறிது கலந்து செலுத்தினால் விழிக்கிறது. இது தடுப்பூசி செய்வோர் அனைவரும் அறிந்த செய்தி. காரணம் மட்டும் விளங்காதிருந்தது. பிறவிக் காவல் முதலில் ஐயுற்று முரசறைந்தாலன்றிக் கற்கும் காவல் எழாது என்றும், ஐயுறுவதற்கென்றே தனி ஏற்பிகள் இருத்தல் வேண்டும் என்றும் ஜேன்வே ஊகித்தார். அப்போது அவ்வேற்பிகளை எவரும் கண்டதில்லை.

கண்டது எங்கே தெரியுமா? பழத்தை மொய்க்கும் ஈயில்! ஈயின் கருவில் மேல் கீழ் என்னும் ஒழுங்கை வகுக்கும் ‘டோல்’ என்னும் மரபணு முன்பே தெரிந்திருந்தது. அது பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சை தாக்கி மடிவதை 1996-இல் பிரான்சு நாட்டில் ழூல் ஹாஃப்மன் குழுவினர் கண்டறிந்தனர். மறு ஆண்டே மனிதரிடத்தும் அதன் உறவு ஏற்பி உண்டு என்று ஜேன்வேயும் அவர்தம் துணைவர் மெட்ஜிட்டோவும் காட்டினர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர், அத்தகைய ஏற்பிகளில் ஒன்று பாக்டீரியாவின் புறத்தே உள்ள கொழுப்புச் சர்க்கரையை உணர்கிறது என்று நிறுவினார். 2011-ஆம் ஆண்டு ஹாஃப்மனும் பாய்ட்லரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஜேன்வே 2003-இலேயே மறைந்துவிட்டார்.

இனி மீனுக்கு வருவோம். மீனிடத்தும் இந்த டோல் ஏற்பிகள் உள்ளன. நம்மிடம் இல்லாத சிலவும் உள்ளன. ஐந்தாம் எண் ஏற்பி கசையிழையை உணர்வது. வானவில் டிரவுட் மீனில் இது இரண்டு வடிவில் இருப்பதை ஜப்பானியர் கண்டனர். ஒன்று உயிரணுவின் மேல் நிலையாக நிற்பது. மற்றொன்று குருதியில் மிதந்து திரிவது. நிற்கும் காவலன் குரல் கொடுத்ததும் கல்லீரல் திரியும் காவலரைப் பெருக்கி அனுப்புகிறது. இருபத்திரண்டாம் எண் ஏற்பி பாலூட்டிகளிடம் இல்லை. பேத்தை மீன் வகையான ஃபுகுவில் இது உயிரணுவின் மேற்பரப்பில் நின்று நீண்ட இரட்டைச் சர ஆர்.என்.ஏ.வை உணர்கிறது, மூன்றாம் எண் ஏற்பி உயிரணுவின் உள்ளே இருந்து குறுகிய சரங்களை உணர்கிறது. இதனை ஜப்பானிய ஆய்வாளர் 2008-இல் வெளியிட்டனர். வாயிலில் ஒருவர், உள்ளறையில் ஒருவர் என்று இருமுறைச் சோதனை!

மற்றொரு வியப்பும் உண்டு. முன்பு கூறிய கொழுப்புச் சர்க்கரை சிறிதளவு குருதியிற் கலந்தாலும் மனிதனுக்குக் கடுங்காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும். மீனோ அதனைப் பெருமளவும் தாங்கிக்கொள்கிறது. அதனை உணரும் நான்காம் எண் ஏற்பி பல மீன்களிடம் இல்லவே இல்லை. வரிக்குதிரை மீனிடம் இருந்தும் நம்முடையது போல் அதனை உணர்வதில்லை. அப்பொருளைச் சுமந்த பாக்டீரியாக்கள் எப்போதும் சூழ்ந்திருக்கும் நீரில், அதற்கெல்லாம் அலறினால் வாழ முடியுமா? கோயில் மணிக்கு அருகில் குடியிருப்பவன் மணியோசைக்கு எழுவதில்லை. நீர்வாழ்வின் இயல்பே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று கருதுவாரும் உளர்.

வடதிசைக் கடல்வாழ் காட் மீனின் செய்தி இன்னும் விந்தையானது. 2011-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்த அறிஞர்கள், கற்கும் காவலுக்கு முதுகெலும்பு போன்ற ஒரு பகுதியே அதனிடம் இல்லாமை கண்டு திகைத்தனர். பாக்டீரியாவைப் பற்றிய செய்தியை எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களுக்குக் கொண்டு சேர்க்கும் வழி அதற்கு அறுந்து போயிற்று. மனிதரில் அத்தகைய குறை உயிருக்கே உலை வைக்கும். காட் மீனோ கோடிக்கணக்கில் பல்கி வாழ்கிறது. அதனிடம் டோல் ஏற்பிகளில் சில வகைகள் பெருகியிருப்பதையும் அவர்கள் கண்டனர். ஒரு கை இழந்தவனுக்கு மறு கை உரம் பெறுவதுண்டன்றோ?

இவையெல்லாம் கடல் கடந்த மீன்களின் கதை என்று எண்ணாதீர்கள். இத்துறையில் உலகப் புகழ் பெற்ற மீன் நம் பக்கத்து வீட்டுக்காரர். முன்பு குறிப்பிட்ட வரிக்குதிரை மீன் கங்கைச் சமவெளியின் வாய்க்கால்களிலும் வயல்நீரிலும் வாழ்வது. சுண்டுவிரல் நீளமும் இல்லாதது. அதனை முதன்முதல் நூலில் வருணித்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். இக்கொல்கத்தாவை அடுத்த சிவ்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பைச் சிறிது காலம் வகித்தவர். கங்கையின் மீன்களைப் பற்றிய அவர் நூல் 1822-இல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அம்மீனை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தார். இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக் கூடங்களில் அது வாழ்கிறது. பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டுச் சென்ற இனங்களில் அதுவும் ஒன்று என்க!

அதன் சிறப்பு யாதெனில், குஞ்சின் உடல் கண்ணாடிபோல் தெளிவானது. வெள்ளணுக்களுக்குப் பச்சை ஒளி ஏற்றி, உயிரோடிருக்கும் குஞ்சின் உடலில் அவை ஓடுவதை உருப்பெருக்கியிற் காணலாம். வால் நுனியில் சிறு காயம் செய்தால், காயத்தின் விளிம்பிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பரவுகிறது. அதன் சுவடு பற்றி வெள்ளணுக்கள் விரைகின்றன. 2009-இல் கண்ட உண்மை இது. கிருமியை ஏற்பி உணர்ந்த பின்னரோ, உயிரணுவின் நடுவில் உள்ள மரபணுக்களுக்குச் செய்தி செல்கிறது. அழைப்புப் பொருள்கள் வெளிப்படுகின்றன. விழுங்கணுக்கள் வந்து சூழ்ந்து கிருமியை விழுங்குகின்றன.

எல்லாக் கள்வரும் இவ்வாறு பிடிபடுவார்களா? இல்லை. இங்கேதான் மீனின் கதை நம் கதையாகிறது. மீனுக்கும் ஒருவகைக் காசநோய் உண்டு. அதனை விளைவிக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி, மனிதனின் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. இக்கிருமியை வரிக்குதிரை மீனில் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் லலிதா ராமகிருஷ்ணன் அம்மையார். வேதியியலில் 2009-இல் நோபெல் பரிசு பெற்ற, சிதம்பரத்திற் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர். இக்குடும்பம் தமிழகத்திலிருந்து பரோடாவில் சென்று வாழ்ந்த குடும்பம். அம்மையார் மருத்துவம் பயின்றதும் அங்கேயே. நம்மைப் போன்றதொரு குடியிருப்பிலிருந்து புறப்பட்ட அறிவு இது என்று எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

அம்மையார் குழுவினர் 2014-இல் வெளியிட்ட செய்தி இது. இக்கிருமி தன் மேனியின்மேல் ஒருவகைக் கொழுப்பைப் போர்த்திக்கொள்கிறது. அடியில் உள்ள அடையாளங்கள் அப்போர்வையால் மறைந்துவிடுகின்றன. டோல் ஏற்பிகள் அதனைக் காண்பதில்லை. கன்னக்கோலைச் சால்வைக்குள் மறைத்து வருகின்ற கள்வன்! அத்தோடு நின்றதா? மற்றொரு கொழுப்பைக் கொண்டு, தன்னைக் கொல்ல மாட்டாத விழுங்கணுக்களைத் தானே வரவழைத்து, அவற்றின் உள்ளே ஏறிக் குடியமர்கிறது. போர்வையை நீக்கிய கிருமிகளை மீனுக்குள் விட்டபோது, கொல்லவல்ல அணுக்கள் வந்து அவற்றை ஒழித்தன. உலகில் காசநோயாளர் மிகுந்த நாடு நம் நாடு. நம் குடும்பங்களிலும் இந்நோயை அறியாத குடும்பம் அரிது. கங்கைக் கரை வாய்க்காலில் துள்ளும் ஒரு சிறு மீன், அந்நோயின் கள்ளத்தனத்தை நமக்கு வெளிச்சமாக்குகிறது என்றால், அதனை அற்பமென்று கூறலாமா?

மறைந்து வரும் பகைவனைக் காண்பது காவலின் ஒரு பாதி. நண்பனைக் கண்டு அலறாதிருப்பது மறு பாதி. மீனின் குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றிடமும் அதே சுவர், அதே வால், அதே அடையாளங்கள் உண்டு. ஆயினும் அவற்றை ஒழித்துவிட்டால் மீன் நன்கு வளராது. கிருமி இல்லாத சூழலில் வளர்த்த வரிக்குதிரை மீனின் குடல் முதிர்ச்சி பெறாமையை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே மீன் ஓர் உபாயம் செய்கிறது. அதன் குடலில் உள்ள ஒரு நொதி, அக்குடியினரின் கொழுப்புச் சர்க்கரையில் உறைக்கும் பகுதியை மழுக்கிவிடுகிறது. குடியினரும் வாழ்கின்றனர், வீட்டுக்காரனும் அமைதியாக உறங்குகிறான். வேற்றிடத்திலிருந்து வந்தோர் யாவரும் பகைவரல்லர் என்பதை மீனின் குடலும் அறிந்திருக்கிறது. அயலூரில் வாழும் நமக்கு இது இனிக்கும் செய்தியன்றோ?

இறுதியாக, வீட்டிற்குப் பயன்படும் சில சொற்கள். 1988-இல் புண்நோய் ஒன்று வடகிழக்கிலும் வங்காளத்திலும் புகுந்து, சில ஆண்டுகளில் தென்னகத்தையும் எட்டியது. விரால் போன்ற மீன்கள் உடலெங்கும் புண்ணாகி மடிந்தன. அதற்குக் காரணம் பூஞ்சை போன்ற ஒரு நீர்வாழ் உயிர். குளிர் காலத்தில், மீனின் காவல் மந்தமாகும் வேளையில், அது மிகுதியும் தாக்கியது. சாதாரணக் கெண்டை என்னும் வெளிநாட்டுக் கெண்டையோ அதனை எதிர்த்து நின்றது. அதன் காவலணுக்கள் வந்த இழைகளைச் சூழ்ந்து சிறையிட்டன. மீனின் காவல் வலுவாக இருப்பதும் தளர்வதும் நீரின் நிலையையும் பொறுத்தவை என்பதை இதனால் உணர்தல் வேண்டும். நெருக்கடியான நீரில், மூச்சுக்காற்று குறைந்த நீரில், அஞ்சி நடுங்கும் மீனின் காவல் தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாகக் கிருமிக்கொல்லி மருந்துகளை நீரிற் கொட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமிகளே வளரும். அவை மனிதரையும் வந்து சேரும். குளோரம்ஃபெனிக்கால் போன்ற மருந்துகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதை நம் நாடு தடுத்திருக்கிறது.

ஆகவே கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் சிறுவர் சிறுமியரே! நெருக்கி அடைக்காதீர்கள். கையால் பிடித்து வழுவழுப்பைத் துடைக்காதீர்கள். அது அதன் மதில். நீரைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கையில் புண் இருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். முன்பு கூறிய மீன் காசக் கிருமி நம் தோலிலும் புண் செய்ய வல்லது. மருந்துப் பொடியை மட்டும் நாடாதீர்கள். மீனுக்குத் தன்னைக் காக்கத் தெரியும். காத்துக்கொள்ளத்தக்க நீரை அதற்குத் தருவதே நம் கடமை.

மக்கட்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம். நாளை நம் குழந்தைகளில் ஒருவர், இம்மண்ணின் ஒரு சிறு மீனை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உலகம் காணாத ஒன்றைக் காணலாம். அதற்கேற்ற நல்ல நீராக நம் வீடும் சங்கமும் விளங்குக!